கதவிடுக்கில் ஈரத்துணி

போன வருடம் கோடை விடுமுறை விடுவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை பிற்பகல் இது நடந்தது. திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. அன்று நடந்ததை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். எழுதினால் முழுதாகச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் முட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மாதவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை அவளுக்கு வேலை உண்டு; துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களின் காகித வேலை பார்க்கும் எனக்கு அன்று விடுமுறை. அதனால் சனிக்கிழமை சமையல் என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த சமையல் முட்டையில் ஆரம்பித்து முட்டையில் முடிந்துவிடும். வெங்காயம் நிறையப் போட்ட ஆம்லெட், மிளகு தூக்கலாக ஒரு பொடிமாஸ், பதம் தவறினால் ஆம்லெட்டாகிவிடும் கலக்கி. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு முட்டைக் குழம்பு. அவித்த முட்டையை உரித்து, நாலு பக்கமும் லேசாகக் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்ட எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டித்தான் குழம்பில் போடுவேன். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருத்திதான் என் சமையலுக்கு ரசிகை. "சனிக்கிழமை வந்தா கோழியெல்லாம் உன்னப் பாத்து பயப்படும்பா" என்று கிண்டல் செய்வாள். ஆனால் இரண்டு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

முட்டை அவிப்பதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. ஓடு வெடிக்காமல் இருக்கக் கைநிறைய உப்பு, பாத்திரத்தின் விளிம்பு வரை தண்ணீர், அடுப்பை முழுசாகத் திருப்பி வைக்க வேண்டும். "பொங்கி வழிஞ்சு அடுப்பு பூரா உப்பு பூத்துக் கெடக்குது. எத்தன வாட்டி சொல்றது, தண்ணிய கம்மியா வைங்கன்னு?" என்று மனைவி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே திட்டுவாள். நான் கேட்டதில்லை.

அடுத்தது நாற்றம். எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்கிலிருந்து காற்று அடித்தால் தொழிற்சாலைகளின் பக்கமிருந்து ஏதாவது ஒரு நெடி வரும். ஒருநாள் தார் காய்ச்சுவது போல, ஒருநாள் கண்ணைக் கரிக்கிற மாதிரி. பெரும்பாலும் அழுகின முட்டை வாடை. அதை எங்கள் வீட்டில், "கம்பெனில முட்டை வேகுது" என்று சொல்வோம். குழந்தையாக இருந்தபோது என் மகள் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

சில வருடங்களுக்கு முன் ஒருமுறை நெடி அதிகமாகி, அவளுக்கு மூச்சு வாங்கி, கல்மண்டபத்தில் இருக்கும் மச்சினன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் இயல்பிலேயே கவலைப்படுகிற ஆள். கவலைப்படுகிற ஆட்கள் சட்டம் போடுவார்கள். நானும் போட்டேன். நெடி வந்தால் உடனே எல்லா ஜன்னலையும் மூட வேண்டும். பழைய துண்டை நனைத்து வாசல் கதவின் கீழ் இடுக்கிலும் பால்கனிக் கதவின் இடுக்கிலும் வைக்க வேண்டும். நான் சொல்லும்வரை திறக்கக் கூடாது. கடைசியாக ஒரு கப் சாம்பிராணி ஏற்றிவிட்டால் உள்ளே மிச்சம் இருக்கும் வாடையும் போய்விடும். மகளை நிற்க வைத்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நாலைந்து முறை செய்து காட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

எங்களுக்கு எதிர் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சாயங்காலம் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு மீன் வறுத்து விற்கிறார். மதியமே மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீனுக்கு மசாலா தடவ ஆரம்பித்துவிடுவார். அந்த வாடைக்கும் நான் ஜன்னலை மூடுவேன். ஒருமுறை நான் மூடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், எங்க மீனு கூட உனுக்கு கம்பெனி நாத்தமா?" என்று கேட்டார். நான் ஜன்னல் கொக்கியை மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

இனி அந்த நாள். எட்டு முட்டையை அடுப்பில் வைத்தேன். அடுப்புப் பற்ற வைக்கும் லைட்டர் கெட்டுப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வேறு வாங்கச் சொல்லி மனைவி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுத் தீப்பெட்டியால் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று பெட்டியில் இருந்த கடைசிக் குச்சியில்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன். வெறும் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுப் பார்த்தால் தக்காளியும் இல்லை. மகள் அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "கீழ போய்ட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. முட்டை வேகத்தான் எப்படியும் கால் மணி நேரம் ஆகுமே என்று நினைத்தேன்.

நெடுஞ்சாலையைத் தாண்டினால் இருக்கிற மளிகைக் கடைதான் எங்களுக்கு எல்லாம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பல வருடமாகக் கடை நடத்துகிறார். அன்று அவரிடம் தக்காளி தீர்ந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு வண்டியில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அலுவலகத்திலிருந்து போன். ஏதோ ஒரு கன்டெய்னரின் காகிதத்தில் எடை மாறியிருக்கிறது, வண்டி கேட்டில் நிற்கிறது. அவ்வளவுதான், ஒரு புங்கமரத்தடியில் நின்று பேச ஆரம்பித்தவன் பேசினேன், பேசினேன், அரை மணி நேரத்துக்கு மேல் பேசினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடுப்பில் முட்டை இருப்பது எனக்கு ஞாபகமே இல்லை.

நடுவில் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அப்பா, கம்பெனில முட்டை வேகுது. எல்லா ஜன்னலும் மூடிட்டேன். ஈரத்துணியும் வெச்சாச்சு."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அலுவலக ஆள் பேசிக்கொண்டே இருந்தார். உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். கீழே, "சூப்பர். நான் வர்ற வரைக்கும் திறக்காதே" என்றும் எழுதினேன்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

பேசி முடித்துவிட்டு, தீப்பெட்டிக்காகத் திரும்பவும் மளிகைக் கடைக்குப் போனேன். அவர் பெட்டியை எடுத்து நீட்டும்போது, பேச்சுக்குத்தான் சொன்னேன், "இன்னைக்கும் நாத்தம் ஆரம்பிச்சுடுச்சு போலிருக்கே" என்று.

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "நாத்தமா? எங்க சார்? நமக்கு ஒண்ணும் வரலயே" என்றார். பிறகு கடை வாசலில் தொங்கிய பிஸ்கட் சரத்தைக் காட்டினார். அது மேற்குப் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. "காத்து கடல்ல இருந்துல்லா அடிக்கி. மத்தியானத்துல இருந்தே இப்படித்தான். இந்தக் காத்துக்கு அந்த நாத்தம் எப்படி வரும்?"

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். உப்புக் காற்றுதான் வந்தது. மரத்தடியில் அத்தனை நேரம் நின்றேனே, அங்கேயும் எந்த வாடையும் இல்லை. தெருவில் யார் வீட்டிலும் ஜன்னல் மூடவில்லை. அப்படியென்றால் என் வீட்டுக்குள் மட்டும் எப்படி?

அப்போதுதான் முட்டை ஞாபகம் வந்தது. விளிம்பு வரை தண்ணீர். முழுசாகத் திருப்பிய அடுப்பு. பொங்கி வழிந்து தீ அணைந்திருக்கிறது. காஸ் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கும் அழுகின முட்டை வாடைதான்! என் மகள் ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, இடுக்குகூட விடாமல் அடைத்து, அதற்குள் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தபடி.

கையில் போன் மறுபடியும் அதிர்ந்தது.

"தலை வலிக்குதுப்பா. நாத்தம் போகவே இல்ல. சாம்பிராணி ஏத்தறேன்."

நான் கத்தினேன் என்று கடைக்காரர் பின்னால் சொன்னார். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. படிக்கிற நேரத்தில் போன் சத்தமில்லாமல் இருக்க வேண்டும், அதுவும் என் சட்டம்தான். "வேண்டாம், வெளியே வா" என்று எழுதப் பார்த்தேன். விரல் எங்கெங்கோ பட்டு என்னவோ எழுத்து விழுந்தது. அதையே அனுப்பிவிட்டு ஓடினேன்.

நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒட்டி நின்றிருந்தன. எங்கள் ஊரில் அது தினப்படிக் காட்சி. அந்த வரிசையின் கடைசி வரை சுற்றிப் போக எனக்கு நேரமில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்தேன். முன்னால் நின்ற வண்டி நகர்ந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். டிரைவர் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டியது காதில் விழுந்தது. என் கண் மட்டும் எங்கள் இரண்டாவது மாடி ஜன்னலிலேயே இருந்தது. அது மூடியிருந்தது. இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கொண்டே ஓடினேன்.

"காஸு, காஸு" என்று அலறிக்கொண்டே படியேறினேன். எதிர் வீட்டு அம்மா மாடிப்படிப் பக்கத்தில் மீனோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், இன்னா ஆச்சு?"

"உள்ள காஸு... பாப்பா உள்ள..."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. என் கை காலிங் பெல்லுக்குப் போனது. விரல் பொத்தானைத் தொடுவதற்குள் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"யோவ்! பெல்லு அட்ச்சினா வூடே பூடும்யா! கைய எட்றா!"

மசாலாக் கையோடு என்னை இழுத்துப் பின்னால் தள்ளினார். இரண்டு பட்டம் வாங்கியவன் நான். கரண்டில் ஓடும் பெல்லில் பொறி வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நானேதான் அதை அழுத்தப் போனேன். மகளைக் காப்பாற்ற ஓடி வந்தவன், அவள் இருக்கும் வீட்டைக் கொளுத்தப் பார்த்தேன்.

அவர் உள்ளங்கையால் கதவைத் தட்டினார். "பாப்பா! எதையும் கொளுத்தாத! லைட்டு கீட்டு எதுலயும் கை வெக்காத! வந்து கதவ மட்டும் தொற கண்ணு!"

உள்ளிருந்து என் மகள் குரல் நிதானமாக வந்தது. "இருங்க ஆன்ட்டி, துணிய எடுத்துட்டுத் தொறக்கறேன்."

அவ்வளவு ஒழுங்காக அடைத்து வைத்திருக்கிறாள். பூரானுக்குக்கூட வழியில்லாமல். அதனால்தான் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்த எதிர் வீட்டு அம்மாவுக்கும் மீன் மசாலா வாடையைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

கதவு திறந்தது. குப்பென்று முகத்தில் அடித்தது அந்த வாடை. என் மகள் ஒரு கையில் சொட்டுகிற துண்டும் மறு கையில் கப் சாம்பிராணியுமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்:

"அப்பா, தீப்பெட்டி எங்க? வீடு பூரா தேடிட்டேன்."

நான் குனிந்து என் வலது கையைப் பார்த்தேன். கடைக்காரர் கொடுத்த தீப்பெட்டி உள்ளங்கைக்குள் நசுங்கிக் கிடந்தது. கடையிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டேதான் ஓடி வந்திருக்கிறேன்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டு அம்மாதான் என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி மாடிப்படி ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினார். "எழுந்து பாப்பாவ இட்னு கீழ போ. குந்தினு கீற நேரமா இது?" என்று என்னை அதட்டினார். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனார். முதலில் சிலிண்டர் ரெகுலேட்டரை அணைத்தார். பிறகு அடுப்பு, பிறகு பால்கனிக் கதவு, பிறகு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். எங்கள் மிதியடியை எடுத்துக் குனிந்து தரையோடு தரையாக வெளியே விசிறினார். "இது மேல போவாது சார், கீழதான் குந்தினு கெடக்கும்" என்று பின்னால் சொன்னார். தினமும் சிலிண்டரோடு பிழைப்பவர். அவர் சட்டம் எதுவும் போட்டு நான் பார்த்ததில்லை.

கீழே தெருவில் மகளை அணைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு லேசான தலைவலி, குமட்டல், அவ்வளவுதான். பக்கத்து மருத்துவரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றும் இல்லை என்றார். சமையலறை ஜன்னலை மூடப் போனபோது அடுப்பில் தீ இல்லாததைப் பார்த்தாளாம். அப்பா அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாளாம். "உனக்கு வித்தியாசமா தெரியலையாம்மா?" என்று கேட்டேன். "எப்பவும் வர்ற நாத்தம்தானேப்பா" என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்த மூக்கு. அந்த வாடை வந்தால் வெளியிலிருந்துதான் வரும் என்று அதற்குப் பழக்கியதும் நான்தான்.

என் மனைவி ஆறு மணிக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. எடுத்த எடுப்பில், "லைட்டர் மாத்துங்க, மாத்துங்கன்னு ஒரு வாரமா..." என்று கத்த ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லவேளை, மாத்தல" என்றாள். தரையில் உட்கார்ந்து அழுதாள்.

எத்தனையோ முன்ஜாக்கிரதை செய்த எங்கள் வீட்டை, நான் செய்யாமல் விட்ட ஒரு வேலை காப்பாற்றியது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று எங்கள் வீட்டில் யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஏழு மணிக்கு எதிர் வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தார். எங்கள் அடுப்பில் அரைகுறையாக வெந்திருந்த எட்டு முட்டையையும் அவரே எடுத்துப் போயிருக்கிறார். வண்டியில் மீன் வறுக்கிற மசாலாவிலேயே புரட்டிக் கொண்டுவந்திருந்தார். "முட்ட இன்னா பாவம் பண்ச்சி? துண்ணுங்க" என்றார். என் சட்டைக் கையில் காய்ந்திருந்த மசாலா விரல் தடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், என் மீன் மசாலா உன் சொக்காலயும் ஏறிக்கிச்சா? இன்னிக்கு ஜன்னல மூடலியா?" என்று சிரித்தார். அன்றுதான் அவரை முதன்முதலாக, "வேணாங்கக்கா, விடுங்கக்கா" என்று அக்கா போட்டுக் கூப்பிட்டேன். மகள் மூன்று முட்டை சாப்பிட்டாள். நான் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் சனிக்கிழமை முட்டைக் குழம்பு உண்டு. பாத்திரத்தில் பாதித் தண்ணீர்தான் வைக்கிறேன். வேகும்வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை. போன் வந்தாலும் எடுப்பதில்லை. நெடி வந்தால் முதலில் எங்கள் அடுப்பு, பிறகு சிலிண்டர், பிறகு வாசலுக்கு வந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது. அதற்குப் பிறகுதான் ஜன்னல். சாம்பிராணி வாங்குவதையே விட்டுவிட்டோம். மகளுக்குச் சட்டம் எதுவும் சொல்வதில்லை. ஏன் செய்கிறோம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்கிறோம். பேசிய பிறகும் இரவில் இரண்டு முறை எழுந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

நான் அனுப்பிய அந்தக் கட்டைவிரல் படம் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. என் மகள் அன்று ஒரு தவறும் செய்யவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை ஒன்றுவிடாமல் அப்படியே செய்தாள் என்பதுதான் இன்றும் என்னை நடுங்க வைக்கிறது.